குறைந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் என் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நாம் இருவரும் சண்டைக்குப் போய்விடுகிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகவே எழுதுகிறேன்.

முதலில் மருமகள். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறது என்று உன் மனைவி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாளாமே, பத்து வயதில்! அந்த வயதில் எனக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸை நான் கடித்து வைத்தது உனக்குத் தெரியாது, நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். அவளுக்கு அத்தையின் முத்தங்களைக் கொடு.

இங்கே உன் அத்தானுக்கு மூச்சுவாங்கல் அப்படியேதான் இருக்கிறது. இதய வால்வு ஒன்று சுருங்கிப்போயிற்று, மாற்றியே ஆக வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லி, பட்டியலில் சேர்த்து எட்டு மாதமாகிறது. லிப்ட் மெக்கானிக்குக்கு மாடி ஏற முடியவில்லை என்றால் கம்பெனி என்ன செய்யும்? லிப்ட் ஓடாத இடத்துக்குத்தானே அவரைக் கூப்பிடுவார்கள், படியேறித்தானே போக வேண்டும். கீழே போன் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அமுக்கினால் இவருக்கு மணி அடிக்கும். ஆள் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். போன வாரம் ஒரு பெண் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டாளாம். அவள் வீட்டு நாயின் பெயர் முதல் மாமியாரின் குணம் வரைக்கும் எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். "நீயும் நானும் இப்ப ஒரே வேலைதான் பாக்குறோம், காத்திருங்கன்னு சொல்ற வேலை" என்று என்னைக் கிண்டல் செய்கிறார்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். இந்த ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் பத்தொன்பது வருடமாக என் கையில் இருக்கிறது. வரிசையம்மா என்றுதான் எனக்குப் பெயரே. பெரிய மனிதர்களின் சிபாரிசுச் சீட்டோடு வருபவர்கள் முன்னால் போகிறார்கள் என்று ஒரு காலத்தில் நாறிப்போனதே, அதற்குப் பிறகு பெயர்களை மூடி வெறும் எண்களாக்கியது நான். திரையில் எண் மட்டும்தான் வரும். யார் எந்த எண் என்று எனக்கே தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன். உன் அத்தானின் எண்ணையும் இதுவரை கேட்டதில்லை. வீட்டில் அவர் அந்த அட்டையை அலமாரியில் எங்கோ வைத்திருக்கிறார், நான் அந்தப் பக்கம் போவதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், வேறு யாரிடம் பீற்றிக்கொள்வது?

இப்போது ஊரெல்லாம் சீர்திருத்தப் பேச்சு. அரசாங்கம் போட்ட குழு ஒன்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வாரம் கூடாரம் போட்டது. நான்கு நாடுகளை ஒப்பிட்டு ஒரு அட்டவணை தயாரித்தார்கள். அதைத் தட்டச்சு செய்தது என் அறையில்தான். உன் நாடும் ஒரு பத்தியில் இருந்தது. காத்திருக்கும் நாட்கள் என்ற கட்டத்தில் உன் நாட்டுக்குச் சின்ன எண், எங்களுக்கு வெட்கப்படும்படி பெரிய எண். காசில்லாமல் சிகிச்சையைக் கைவிட்டவர்கள் என்ற கட்டத்தில் எங்களுக்குப் பூஜ்யம், உங்களுக்கு எழுதவே கூசும்படி ஒரு எண். அந்தக் கட்டத்தை மட்டும் தடித்த எழுத்தில் அடித்தேன். குழுவில் ஒருவர் கவனித்துவிட்டு, எல்லாம் ஒரே எழுத்தில் இருக்கட்டும் அம்மா என்றார். பெரியப்பா மகள் இருக்கும் நாடு மூன்றாவது பத்தி. சம்பளம் வாங்கும் எல்லோரும் பொது நிதிக்குப் பங்கு கட்டுகிறார்கள், ஆறு வாரத்தில் ஆபரேஷன் ஆகிவிடுகிறது. அவளுக்கு வரியைப் பற்றிப் புலம்பத்தான் நேரம் போதவில்லை. உன் அத்தான் அட்டவணையைப் பார்த்துவிட்டு, எல்லா நாட்டுக்கும் நடுவில் கடலில் ஒரு ஆஸ்பத்திரி கட்டினால் போதும், நீந்தத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்றார்.

குழு எங்களுக்கு ஒரு கெடு வைத்தது. இதய அறுவை சிகிச்சைப் பட்டியல் ஜனவரி முடிவதற்குள் ஆயிரத்துக்குக் கீழே வராவிட்டால், பட்டியலையே வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிடுவார்களாம். அப்போது பட்டியலில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது பேர். என்னிடம் தட்டச்சுப் பெண்கள் இருவர், ஒருத்திக்குக் கைக்குழந்தை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் கடிதம் அனுப்பும் யோசனை வந்தது. பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு பக்கக் கடிதம்: உங்களுக்கு இந்த அறுவை சிகிச்சை இன்னும் தேவையா, தேவை, தேவையில்லை, ஒன்றில் குறியிட்டு இருபத்தோரு நாளுக்குள் அனுப்புங்கள். எளிய நடையில் நான்தான் எழுதினேன். தேவையில்லை என்று குறித்தால் இடம் போய்விடும், பிறகு முதலிலிருந்து வர வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. கண்காணிப்பாளர் அதை அடித்துவிட்டார். நோயாளிகளை மிரட்டுவது போல் இருக்கிறது, ஒரு பக்கத்துக்குள் அடங்கவும் இல்லை என்றார். நானும் சரி என்றேன்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் குறைந்தார்கள், தம்பி! சிலர் இறந்துபோயிருந்தார்கள். சிலர் வீடு மாறிவிட்டார்கள். சிலர் சொத்தை விற்று வெளியே செய்துகொண்டார்கள். சிலர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் தேவையில்லை என்று குறியிட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாள் நான் எண்ணை வாசிக்க வாசிக்க, பெண்கள் நீக்கிக்கொண்டே போனார்கள். தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் வந்து நின்றது. கேக் வாங்கி வெட்டினோம்.

நேற்று நகர மன்றத்தில் பொது விவாதம். என்னை மேடையேற்றி அந்த எண்ணை வாசிக்கச் சொன்னார்கள். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து டாக்ஸி ஓட்டும் ஒரு பெண்மணி எழுந்து, "கொறஞ்சவங்க எல்லாம் கொணமாயிட்டாங்களா?" என்று கேட்டாள். மண்டபத்தில் சிரிப்பு. தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. பத்தொன்பது வருடம் உழைத்தவளைக் கேட்கும் கேள்வியா இது?

அதிகம் எழுதிவிட்டேன். அத்தானுக்குத் தேதி வந்ததும் சொல்கிறேன். வரிசை நகர்ந்திருக்கிறது, கோடைக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். மூவரும் சுகமாக இருங்கள்.

உன் அக்கா


ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நடந்ததைப் போனில் பாதிதான் சொன்னேன். அத்தான் பக்கத்திலேயே இருந்தார். முழுவதையும் ஒரு ஆளிடமாவது சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மார்ச் கடைசியில் அவருக்குக் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார். ஒரு நாள் போன் அறையில், லிப்டில் மாட்டிய ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கிச் சரிந்திருக்கிறார். அந்த மனிதர் லிப்டுக்குள்ளிருந்து "சார், சார்" என்று கத்திக் கம்பெனிக்கே தகவல் சொல்லியிருக்கிறார். மாட்டிக்கொண்டவன் வந்து காப்பாற்றும்படி ஆகிவிட்டது என்று அதற்கும் சிரிக்கிறார் உன் அத்தான்.

அன்றைக்குத்தான் பத்தொன்பது வருடப் பிடிவாதத்தை விட்டேன். அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து, எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். முன்னால் தள்ளுவதற்காக இல்லை, வரிசையில் எங்கே இருக்கிறார் என்று பார்க்க மட்டும். நானே பார்க்கக் கூசி, கைக்குழந்தைக்காரியிடம் கொடுத்தேன். அவள் அடித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை அடித்தாள். பிறகு எழுந்து நின்று, "அக்கா, நீங்களே பாருங்க" என்று நாற்காலியை விட்டு நகர்ந்துகொண்டாள்.

திரையில் நோயாளி தாமாகவே விலகினார் என்று இருந்தது. தேதி ஜனவரி இருபத்தெட்டு. கோப்பு அறைக்கு ஓடினேன். பதில் கடிதக் கட்டை அவிழ்த்துத் தேடினேன். அவருடையது இருந்தது. தேவையில்லை என்ற கட்டத்துக்குள் நீல மையில் ஒரு குறி, அதன் கீழே அளவுகோல் வைத்தது போல் ஒரு கோடு. லிப்ட் சோதித்த அறிக்கையில் எல்லாம் சரி என்பதற்கு அவர் போடும் கோடு அது. இருபத்தாறு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஏதோ சின்னத் தப்பு கண்டுபிடிக்கப்பட்டவர் போல் முழித்தார். "ஆயிரத்துக்குக் கீழ வரணும், வரணும்னு பத்து நாளா பொலம்புன. சாப்பிடல, தூங்கல. அப்ப மாத்திரையில எனக்குக் கொஞ்சம் தேவலையா இருந்துச்சு. என்னால ஒண்ணு கொறையட்டுமேன்னு போட்டேன். ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி எழுதிக் குடுத்தா சேத்துக்க மாட்டாங்களா?" என்று என்னையே கேட்கிறார். வரிசையம்மாவின் புருஷன் வரிசையில் நிற்பதைப் பற்றி யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்றும் ஒரு எண்ணம் இருந்ததாம். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாராம்.

எனக்கு உதவி செய்திருக்கிறார், தம்பி. கல்யாண நாளுக்குப் பரிசு வாங்கி வருவது போல் எனக்கு ஒரு எண்ணைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். அதை நானே வாய்விட்டு வாசித்து நீக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளில் நூற்றுக்கணக்கான எண்களை வாசித்தேனே, எந்த இடத்தில் அவர் எண் வந்தது, அப்போது தண்ணீர் குடித்தேனா, அந்தப் பெண்ணோடு சிரித்துப் பேசினேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பெயர் இருந்திருந்தால் நாக்கு நின்றிருக்கும். பெயரை மூடச் சொன்னவளும் நானேதான்.

விதிப்படி அவர் திரும்பவும் குடும்ப டாக்டரிடம் தொடங்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்து, பெரிய டாக்டர் பார்த்து, ஸ்கேன் எடுத்து, அதற்குப் பிறகு பட்டியலின் வால். எப்படிப் பார்த்தாலும் பதினொரு மாதம். விலகியவர்கள் மனம் மாறி வந்தால் பழைய இடம் கிடையாது என்ற விதி யார் எழுதியது என்று நீ கேட்க வேண்டாம். சிலர் இரண்டு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டு விளையாடினார்கள், அதற்காக எழுதினேன்.

கண்காணிப்பாளரிடம் போய் அழுதேன். நல்ல மனிதர்தான். கதவைச் சாத்திவிட்டு, "வெள்ளிக்கிழமை நான் வெளியூர் போறேன், திங்கட்கிழமைதான் வருவேன். நீங்க பட்டியல்ல என்ன பண்றீங்கன்னு நான் பாக்கப் போறதில்ல" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை முழுவதும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவருடைய பழைய இடத்தில் வேறொரு எண் இருந்தது. உன் அத்தானைத் திரும்பச் சொருகினால் அந்த எண் ஒரு படி கீழே போகும், அதற்குக் கீழே எல்லாமே ஒவ்வொரு படி. ஒரு படிதானே என்று சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு படியில் விழுந்தவர்களைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்தவள் நான். கையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை அவருக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றவே மூச்சு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். யார் எக்கேடு கெட்டால் எனக்கென்ன, என் புருஷன் எனக்கு வேண்டும். திங்கட்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். கடவுச்சொல்லை அடித்தேன், ஏற்கவில்லை. மறுபடி அடித்தேன். நான் பட்டியலை இவ்வளவு அழகாகக் குறைத்ததைப் பார்த்துப் பூரித்துப்போய், நாடு முழுவதற்கும் இதே முறை என்று சொல்லி, அந்த வெளிக் கம்பெனியிடமே ஒப்படைத்துவிட்டார்கள். அடுத்த வாரம்தான் என்று நினைத்திருந்தேன். அன்று காலையே மாற்றிவிட்டார்கள். நான் திருடப் போனேன், கதவு பூட்டியிருந்தது. இதுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை. அத்தானிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நான் கையை எடுத்தது நேர்மையா, வெறும் பயமா என்று எனக்கே தெரியவில்லை. எதுவாக இருந்தால் என்ன, அந்த இரண்டு நாளை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அத்தானை அங்கே கூட்டி வந்துவிடலாமா என்று நீ அலைந்ததெல்லாம் புரிகிறது. வந்து தங்கும் உறவினருக்கான காப்பீட்டில் முன்பே இருந்த நோய்க்கு இடமில்லை. கையிலிருந்து கட்டுவதென்றால் எங்கள் வீட்டை மூன்று தடவை விற்க வேண்டும். நீயே காப்பீட்டுக் கம்பெனியில் சிகிச்சைக்கு அனுமதி கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன், உன் மேலதிகாரியிடம் தனியாகப் போய்க் கேட்டும் பார்த்திருக்கிறாய். அன்றைக்கே உன் மேசைக்கு அதே வால்வு, அதே நோய்க்குறியீடு போட்ட ஒரு விண்ணப்பம் வந்தது, அறுபது வயது மனிதர், காகிதம் ஒன்று குறைகிறது என்று நிராகரித்துக் கையெழுத்துப் போட்டதாகவும், அதற்குப் பிறகு கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவியதாகவும் எழுதியிருந்தாய். அந்த இடத்தில் மை கலைந்திருந்தது.

உன்னை எத்தனை வருடம் குத்திக் காட்டியிருக்கிறேன்! உங்கள் ஊரில் பணப்பையைப் பார்த்துவிட்டுத்தான் நாடி பிடிப்பார்கள் என்றேன். உங்கள் ஊரில் நாடி நின்ற பிறகுதான் கூப்பிடுவார்கள் என்று நீ திருப்பிக் கொடுத்தாய். இரண்டு பேரும் சொன்னது பொய்யில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நீ அங்கே முடியாது என்று எழுதுகிறாய், நான் இங்கே பொறுங்கள் என்று எழுதினேன். பெரியப்பா மகளிடமும் கேட்டுவிட்டேன். அவள் ஊரில் ஆறு வாரம்தான், ஆனால் அங்கே குடியிருந்து பங்கு கட்டியவர்களுக்குத்தான். அவளும் போனில் அழுதாள்.

குடும்ப டாக்டர் அவசரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பெரிய டாக்டர் ஜூனில் பார்ப்பார் என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தானிடம் எதையும் கேட்காதே, சாதாரணமாகப் பேசு. என்மேல் கோபம் இருந்தால் கடிதத்தில் திட்டு. திட்டாமல் இருந்தால்தான் எனக்குத் தாங்காது.

உன் அக்கா


ஜூன் 30

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மருமகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளச் சொல். உன் அத்தான் மறக்கவில்லை. லிப்டுக்குள் ஒரு பெண் குழந்தை நின்று சிரிப்பது போல் படம் வரைந்து வைத்திருக்கிறார். இதோடு வைக்கிறேன்.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டார். ஸ்கேனும் ஆகிவிட்டது. போன புதன்கிழமை டாக்டர்கள் கூடிப் பேசி என்னை உள்ளே அழைத்தார்கள். வால்வைத் தாங்கித் தாங்கி இதயத் தசையே தளர்ந்துவிட்டதாம். மார்பைத் திறந்து செய்தால் மேசையிலேயே போய்விடுவார். தொடை வழியாகச் செய்யும் புது முறைக்கும் அவருடைய ரத்தக் குழாய் ஒத்துவரவில்லை. ஜனவரியில், பிப்ரவரியில் என்றால் துணிந்து செய்திருப்போம் என்று அந்த இளம் டாக்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மூத்தவர் அவரை முறைத்தார். எனக்கு அந்த இளைஞர்மேல் கோபமில்லை, அறையில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மாத்திரை மட்டும் தொடரலாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று நம் இருவருக்கும் தெரியும்.

விலகாமல் இருந்திருந்தால் அந்த வாரம்தான் அவருடைய முறை வந்திருக்குமாம். பழைய தட்டச்சுப் பெண் சொன்னாள். அவளுக்கு வேலை போய்விட்டது. அந்த வெளிக் கம்பெனியிலேயே வேலை கேட்கப் போன இடத்தில் இதைக் கேள்விப்பட்டாளாம்.

சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிவிட்டது. எந்த நாட்டு முறை நல்லது என்று பத்திரிகையில் தினமும் இரண்டு பக்கம் வருகிறது. எல்லோரும் நன்றாக எழுதுகிறார்கள். ஒரு கட்டுரையில் எங்கள் ஆஸ்பத்திரியின் நானூற்றுப் பன்னிரண்டு வந்திருந்தது, வெற்றிக்கு உதாரணமாக. அத்தான் அதைப் படித்துவிட்டுக் கத்தரியால் வெட்டி எடுத்தார். எதற்கு என்றேன். "நானும் இதுல இருக்கேன்ல" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, உண்மையாகவே பெருமைப்பட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறேன். திரும்பிப் போவேனா என்று தெரியவில்லை. கடைத்தெருவில் யாராவது வரிசையம்மா என்று கூப்பிட்டால் கேட்காதது போல் போய்விடுகிறேன். அந்த டாக்ஸிக்காரியை ஒரு நாள் பார்த்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நின்று பதில் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. இல்லை அம்மா, குணமாகவில்லை, யாருமே குணமாகவில்லை என்று. சிக்னல் விளக்கு மாறியது, அவள் வண்டியோடு போய்விட்டாள்.

அத்தான் கூடத்து ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருக்கிறார். தலையணை மூன்று வைத்திருக்கிறேன். காலையில் நன்றாகப் பேசுகிறார், மதியத்துக்கு மேல் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்துகிறார். பழைய கம்பெனி ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் எதிர்க் கட்டிட லிப்டின் சத்தம் சரியில்லை, கயிற்றைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தக்கூட ஆளில்லாமல் இருக்கிறேன், தம்பி.

இப்போது ஒன்று கேட்கப் போகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

ஞாயிற்றுக்கிழமை போனில், வருடத்துக்கு எனக்குப் பத்து நாள் லீவுதான், அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன், வேண்டும் என்கிறபோது உடனே கிளம்பி வந்துவிடுவேன் அக்கா என்றாய். நான் சரி என்றேன். அதற்கு மேல் ஒரு நாள் தங்கினால் வேலை போகும், வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் என் மருமகளின் ஊசி மருந்து நின்றுபோகும். எனக்குத் தெரியும். உன்னைப் பதினோராவது நாள் இருக்கச் சொல்ல மாட்டேன்.

எந்த நாளுக்காக அந்தப் பத்தையும் எடுத்து வைத்திருக்கிறாய் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாளுக்கு நீ வர வேண்டாம். அன்றைக்குத் தூக்க நாலு பேர் இங்கேயே கிடைப்பார்கள், கம்பெனி ஆட்கள் இருக்கிறார்கள். தம்பி எங்கே என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ இப்போது வா. காலை நேரத்தில் வந்து சேரும்படி டிக்கெட் எடு, அப்போதுதான் அவரால் பேச முடிகிறது. உயிரோடு இருக்கிற மனிதரைப் பார்க்க வா.

உன் அக்கா